பணிவுதான் சீனத்து அறமா?

போன செமஸ்டரில் ஒரு நாள் வகுப்பில் உலக நாகரிகங்கள் பற்றிப் பேச்சு வந்தது. கிரேக்கர்கள் என்றால் தத்துவம், ரோமானியர்கள் என்றால் சட்டம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். சீனாவின் முறை வந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சீனாக்காரனா? அப்பா சொன்னா தலையாட்டு, ராஜா சொன்னா மண்டி போடு. அவ்வளவுதான் சார்!" வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. வெறும் தலையாட்டலை வைத்துக்கொண்டு ஒரு நாகரிகம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நிற்குமா? நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அன்று சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தலையாட்டினால் அது பக்தி இல்லை

பண்டைய சீன அறத்தின் தூண்கள் என்று சில சொற்களைச் சொல்வார்கள். 'ரென்' என்றால் மனிதநேயம். 'யி' என்றால் நியாயம். 'லி' என்றால் முறைமை, சடங்கு, நடத்தை ஒழுங்கு எல்லாம் சேர்ந்தது. 'ஷியாவ்' என்றால் பெற்றோரைப் பேணுதல். 'ஜொங்' என்றால் விசுவாசம். அரசன்-குடி, தந்தை-மகன், கணவன்-மனைவி, அண்ணன்-தம்பி, நண்பன்-நண்பன் என ஐந்து உறவுகளும் சரியாக இருந்தால் உலகம் சரியாக இருக்கும் என்பது கன்பூசியஸ் (கி.மு. 551–479) வழி வந்தவர்களின் நம்பிக்கை. நட்பைத் தவிர மற்ற நான்கும் மேல்-கீழ் உறவுகள். என் நண்பன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே மரபில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. 'ஜியன்'. மேலே இருப்பவர் தவறு செய்யும்போது கீழே இருப்பவர் அதை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வது. தமிழில் நமக்கு 'இடித்துரைத்தல்' என்று அருமையான சொல் இருக்கிறது. கிட்டத்தட்ட அதேதான்.

'ஷியாவ் ஜிங்' என்று 18 சிறு அத்தியாயங்கள் கொண்ட ஒரு நூல் உண்டு. பெற்றோர் பக்தியைச் சொல்லித்தர சீனக் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட நூல் இது. அதன் 15-வது அத்தியாயத்தில் சீடர் ஒருவர், அப்பா சொல்வதை எல்லாம் கேட்டு நடப்பதுதான் பக்தியா என்று கேட்கிறார். கன்பூசியஸ் ஆமாம் என்று சொல்லவில்லை. இது என்ன பேச்சு என்று கடிந்துகொள்கிறார். தப்பான வழியில் போகும் அப்பாவைத் தடுத்துப் பேசாதவன் நல்ல மகன் இல்லை, அரசனைத் தடுத்துப் பேசாதவன் நல்ல அமைச்சன் இல்லை என்பதுதான் அங்கே அவர் சொல்வதன் சாரம். கீழ்ப்படிதலின் பாடப்புத்தகம் என்று நாம் நினைக்கும் நூலிலேயே இது இருக்கிறது!

இதற்கு ஒரு கணக்குக்கூட வைத்திருந்தார்கள். 'லி ஜி' என்ற முறைமை நூலின்படி, அமைச்சன் மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டும். அரசன் கேட்காவிட்டால் விலகிப் போய்விடலாம். மகனும் மூன்று முறை சொல்ல வேண்டும். ஆனால் அப்பா கேட்காவிட்டால் அழுதுகொண்டே அவர் பின்னால் போக வேண்டியதுதான். வேலையை விடலாம், அப்பாவை விட முடியாதே!

நான்காவது ஆள்

கொள்கையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். யாராவது அப்படி நடந்தார்களா என்பதுதானே கேள்வி. கி.மு. 548-ல் 'சி' என்ற சிற்றரசில் நடந்ததாக 'ஸுவோ ஜுவான்' என்ற பழைய வரலாற்று நூல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறது.

அந்த நாட்டின் மன்னன், தன் அமைச்சர் சுய் ஜு என்பவரின் மனைவியுடன் கள்ள உறவு வைத்திருந்தான். சுய் ஜு தன் வீட்டிலேயே அவனை மடக்கி ஆட்களை விட்டுக் கொன்றுவிட்டார். புதிய மன்னனையும் அவரே உட்கார வைத்தார். நாடே அவர் கையில். ஆனால் அரண்மனை வரலாற்று எழுத்தர் மூங்கில் ஏட்டில், சுய் ஜு தன் மன்னனைக் கொன்றார் என்று ஐந்தே எழுத்துகளில் எழுதிவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'கொன்றார்' என்பதற்கு அவர் பயன்படுத்திய சொல் சாதாரணச் சொல் இல்லை. கீழே இருப்பவன் தனக்கு மேலே இருப்பவனை முறைதவறிக் கொல்வதற்கென்றே சீனத்தில் தனிச் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டாலே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

சுய் ஜு அந்த எழுத்தரைக் கொன்றார். அந்தக் காலத்தில் இது பரம்பரை வேலை. தம்பி வந்து அதையே எழுதினார். அவரையும் கொன்றார். அடுத்த தம்பியும் அதையே எழுதினார். அவரும் செத்தார். நான்காவதாக இன்னொரு தம்பி வந்து உட்கார்ந்து, அதே ஐந்து எழுத்துகளை எழுதினார். சுய் ஜு சலித்துப்போய் விட்டுவிட்டார். இது போதாதென்று, எழுத்தர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட இன்னொரு எழுத்தர், மூங்கில் ஏட்டை எடுத்துக்கொண்டு தலைநகருக்குக் கிளம்பி வந்தார். ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் திரும்பிப் போனார்.

அதே சம்பவத்தில் இன்னொருவரும் வருகிறார். யென் யிங் என்ற அமைச்சர். மன்னன் பிணத்தின்மேல் விழுந்து அழுதார். ஆனால் அவனோடு சாகவும் மறுத்தார், நாட்டை விட்டு ஓடவும் மறுத்தார். நாட்டுக்காக மன்னன் செத்திருந்தால் நானும் சாவேன், அவன் தன் சொந்த ஆசைக்காகச் செத்ததற்கு நான் ஏன் சாக வேண்டும் என்பது அவர் வாதம். விசுவாசம் ஆளுக்கா, நாட்டுக்கா என்ற கேள்வியை இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

உடம்பா, எழுத்தா?

சீனாவின் மாபெரும் வரலாற்றாசிரியர் சீமா சியான். கி.மு. 99-ல் லி லிங் என்ற தளபதி ஐயாயிரம் காலாட்படையோடு போய், பெரும் எதிரிப் படையிடம் மாட்டி, கடைசியில் சரணடைந்தார். ஹான் பேரரசர் வூ கடும் கோபத்தில் இருந்தார். சபையில் எல்லாரும் லி லிங்கைத் திட்ட, சீமா சியான் மட்டும் அவருக்காகப் பேசினார். அவர் ஒன்றும் நெருங்கிய நண்பர்கூட இல்லை. பேசியதற்கு மரண தண்டனை கிடைத்தது.

தப்பிக்க இரண்டு வழிகள். ஒன்று, பெருந்தொகை கட்ட வேண்டும். அவரிடம் பணம் இல்லை. இன்னொன்று, ஆண்மை நீக்கம். கௌரவமான மனிதன் அதற்குப் பதில் தற்கொலை செய்துகொள்வான் என்றுதான் அந்தச் சமூகம் எதிர்பார்த்தது. பெற்றோர் கொடுத்த உடம்பைச் சேதமில்லாமல் காப்பதுதான் பெற்றோர் பக்தியின் முதல் படி என்று 'ஷியாவ் ஜிங்' சொல்கிறது. ஆனால் அவருடைய அப்பா சீமா தான், கி.மு. 110-ல் சாகும்போது, நான் ஆரம்பித்த வரலாற்றை நீ முடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அப்பா கொடுத்த உடம்பா, அப்பா கொடுத்த வேலையா? சீமா சியான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவமானத்தோடு வாழ்ந்து 130 அத்தியாயங்கள் கொண்ட 'ஷிஜி'யை முடித்தார். தன்னைத் தண்டித்த பேரரசரின் ஆட்சியைப் பற்றியும் அதில் கூர்மையாகவே எழுதினார். அறம் என்பது ஒரு பட்டியல் இல்லை, இரண்டு அறங்கள் மோதும்போது எதைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதுதான் என்று எனக்குப் புரிந்தது இவரைப் படித்தபோதுதான்.

பேரரசரும் 'பட்டிக்காட்டானும்'

எல்லாக் கதையும் ரத்தத்தில் முடிவதில்லை. தாங் பேரரசர் தாய்சோங் (ஆட்சி 626–649) அண்ணனையும் தம்பியையும் கொன்று அரியணை ஏறியவர். அண்ணனின் ஆலோசகராக இருந்தவர் வெய் ஜெங். இவனை முதலில் தீர்த்துக்கட்டுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். பிடித்து வந்து விசாரித்தபோது அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் இளவரசருக்கு இந்த கதி வந்திருக்காது என்றார். தாய்சோங் அவரைக் கொல்லவில்லை. இடித்துரைப்பதையே வேலையாகக் கொண்ட பதவியைக் கொடுத்தார். ஆமாம், பேரரசரைக் கண்டிக்கச் சம்பளம் வாங்கும் பதவி அந்த அரசாங்கத்தில் இருந்தது!

வெய் ஜெங் அந்தச் சம்பளத்துக்கு உண்மையாக இருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட முறை பேரரசரைத் தடுத்திருக்கிறார். ஒரு நாள் தாய்சோங் கையில் ஒரு நல்ல வேட்டைப் பருந்தை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாராம். வெய் ஜெங் வருவதைப் பார்த்துப் பயந்து சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். வெய் ஜெங் வேண்டுமென்றோ என்னவோ பேச்சை இழுத்துக்கொண்டே போக, பருந்து உள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போனது.

இன்னொரு நாள், அந்தப் பட்டிக்காட்டானைக் கொன்றே தீருவேன் என்று கத்திக்கொண்டு அந்தப்புரத்துக்கு வந்தார் பேரரசர். பேரரசி ஜாங்சுன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், விழாவுக்கு உடுத்தும் முழு உடையில் திரும்பி வந்து வணங்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, அரசன் நல்லவனாக இருந்தால்தான் அமைச்சன் நேராகப் பேசுவான், அதனால் உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்றார். கோபம் இறங்கிவிட்டது. கவனித்தீர்களா? அவரும் இடித்துரைத்தார், ஆனால் ஒரு கடுஞ்சொல் இல்லாமல்.

ஆனாலும் 643-ல் வெய் ஜெங் இறந்த பிறகு, அவர்மேல் சந்தேகம் கிளம்பியதும் தாய்சோங் தானே எழுதிக்கொடுத்த நினைவுக்கல்லை விழத்தட்டச் சொன்னார். 645-ல் கொரியாவின் கோகுரியோமீது படையெடுத்துப் போய், தோற்றுத் திரும்பும்போது, வெய் ஜெங் இருந்திருந்தால் என்னைப் போகவிட்டிருக்க மாட்டாரே என்று வருந்தி, அந்தக் கல்லை மீண்டும் நிறுத்தச் சொன்னார்.

சவப்பெட்டி வாங்கியவர்

எனக்கு மிகவும் பிடித்தவர் ஹாய் ருய் (1514–1587). ஹாய்னான் தீவுக்காரர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, அம்மாவால் வளர்க்கப்பட்டவர். லஞ்சம் வாங்காதவர் என்பதைவிட, வாங்காமல் இருப்பதில் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். அவர் ஒரு நாட்டுப்புற மாவட்டத்தின் நிர்வாகியாக இருந்தபோது அம்மாவின் பிறந்தநாளுக்காக ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக இறைச்சி வாங்கினார். அது மேலதிகாரிகள் வரை பேசப்படும் செய்தி ஆனது. அவ்வளவு சிக்கனம்!

அப்போது மிங் பேரரசர் ஜியாஜிங். இருபது வருடத்துக்கும் மேலாக அரசவைக்கே ஒழுங்காக வராமல், சாகாவரம் தரும் மருந்துகளிலும் பூஜைகளிலும் மூழ்கிக் கிடந்தவர். 1566-ல் நிதித்துறையில் ஒரு சின்ன அதிகாரியாக இருந்த ஹாய் ருய் அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நீங்கள் நல்ல அப்பாவும் இல்லை, நல்ல கணவரும் இல்லை, நல்ல அரசரும் இல்லை என்கிற அளவுக்கு அதில் போட்டுத் தாக்கியிருந்தார். உங்கள் ஆட்சிப் பெயரை மக்கள் 'வீட்டுக்கு வீடு துடைத்துவிட்டது' என்ற பொருளில் கிண்டல் செய்கிறார்கள் என்றும் எழுதினார்.

பேரரசர் அதைத் தூக்கி எறிந்து, ஓடுவதற்குள் அவனைப் பிடியுங்கள் என்று கத்தினார். பக்கத்தில் இருந்த அரண்மனைப் பணியாளர் சொன்ன பதில்: அவர் ஓட மாட்டார். சவப்பெட்டி வாங்கி வைத்துவிட்டு, குடும்பத்திடம் விடைபெற்றுக்கொண்டுதான் இதை அனுப்பியிருக்கிறார். வேலைக்காரர்கள்கூட ஓடிவிட்டார்கள்.

பேரரசர் அமைதியாகிவிட்டார். அந்த விண்ணப்பத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தாராம். சில மாதங்கள் கழித்து ஹாய் ருய்யைச் சிறையில் போட்டார். ஆனால் கொல்லவில்லை. 1567 ஜனவரியில் பேரரசர் இறந்தார். செய்தி கேட்ட சிறை அதிகாரி, ஹாய் ருய் எப்படியும் விடுதலையாவார் என்று அவருக்கு விருந்து வைத்தார். இவரோ கடைசிச் சாப்பாடு என்று நினைத்து வயிறாரச் சாப்பிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னதும், சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்து, தரையில் விழுந்து இரவெல்லாம் அழுதார்.

இந்த இடத்தை நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். தன்னைச் சிறையில் போட்டவர் செத்ததற்கு ஏன் அழுதார்? அவர் பேரரசருக்கு எதிரி இல்லை. அப்பாவைத் திருத்தப் பார்த்த மகனின் இடத்தில் நின்றவர். எதிர்த்ததும் விசுவாசத்தால்தான், அழுததும் விசுவாசத்தால்தான்.

இதிலிருக்கும் ஓட்டை

இத்தனையும் படித்துவிட்டு, ஆகா ஓகோ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அது நேர்மை ஆகாது. இந்த மரபில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பேசுவது அங்கே கடமை, உரிமை இல்லை. பேச வேண்டும் என்று நூல்கள் சொல்லின, பேசியவனைக் காப்பாற்றச் சட்டம் இல்லை. எல்லாம் அரசனின் மனநிலையைப் பொறுத்தது. 1524-ல் இதே ஜியாஜிங் பேரரசருக்கு எதிராக இருநூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் அரண்மனை வாசலில் மண்டியிட்டு அழுதபோது, பலரைத் தடியால் அடிக்கச் சொன்னார். பதினைந்துக்கும் மேற்பட்டோர் அந்த அடியில் செத்தார்கள்.

நூல்களுக்கும் பாதுகாப்பு இல்லை. அரசனைவிட மக்களே முக்கியம், கொடுங்கோலன் அரசனே இல்லை என்ற கருத்தைச் சொன்னவர் மென்சியஸ். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ பேரரசருக்கு அது பிடிக்கவில்லை. 1394-ல் அவர் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டி எறிந்து பதிப்பிக்கச் செய்தார். தாய்சோங்கூட, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். அன்றாடக் குறிப்பு எழுதும் அதிகாரி சூ சுய்லியாங் காட்ட மறுத்துவிட்டார். ஆனால் பேரரசர் வற்புறுத்தி, வேறு வழியில் தன் ஆட்சியின் வரலாற்றுத் தொகுப்பை வாங்கிப் பார்த்தே விட்டார்.

இடித்துரைப்பவரும் குறையே இல்லாதவர் இல்லை. ஹாய் ருய் வயதான காலத்தில், லஞ்சம் வாங்கும் அதிகாரிகளின் தோலை உரிக்கும் பழைய தண்டனையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்கிற தொனியில் எழுதிப் பலரது கண்டனத்துக்கு ஆளானார்.

இந்த ஓட்டை மன்னர்களோடு மூடப்பட்டும் விடவில்லை. 1959-ல் மாவோ, அதிகாரிகள் ஹாய் ருய்யிடம் துணிவைக் கற்க வேண்டும் என்றார். மிங் வரலாற்று அறிஞரும் பெய்ஜிங்கின் துணை மேயருமான வூ ஹான், ஹாய் ருய் பற்றிக் கட்டுரைகளும் பிறகு ஒரு நாடகமும் எழுதினார். நாடகம் 1961-ல் மேடையேறியது. இடையில், அதே 1959-ல், மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தைக் கடிதத்தில் விமர்சித்த பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாய் பதவி இழந்திருந்தார். 1965 நவம்பரில் ஷாங்காய் பத்திரிகை ஒன்றில் வூ ஹானின் நாடகத்தைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. ஹாய் ருய் வேடத்தில் இருப்பது பெங் தேஹுவாய்தான் என்று மாவோவே சொன்னார். கலாச்சாரப் புரட்சியின் முதல் பொறி அதுதான். வூ ஹான் 1969-ல் சிறையில் இறந்தார். ஹாய்னானில் இருந்த ஹாய் ருய்யின் சமாதியையும் 1966-ல் உடைத்தார்கள். 1980-களில் அதைத் திரும்பக் கட்டினார்கள்.

செத்து நானூறு வருடமாகியும் ஒருவரைப் பார்த்து அதிகாரம் பயப்படுகிறது என்றால், அந்த ஆளின் நேர்மைக்கு வேறு சான்றிதழ் வேண்டுமா?

கடைசியாக

என் நண்பனுக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஆமாம், மண்டியிட்டார்கள். ஆனால் மண்டியிட்டபடியே, நீங்கள் செய்வது தப்பு என்று சொல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்டால், கொஞ்சம் பேர்தான். எந்த நாட்டிலும் கொஞ்சம் பேர்தான். அன்று வகுப்பில், சரியாகத் தெரியாத ஒன்றுக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்த எனக்கு அந்தக் கொஞ்சம் பேரைக் குறை சொல்லத் தகுதி இல்லை. நாம் பேசினால் போவது அதிகபட்சம் ஒரு இன்டர்னல் மார்க். அதற்கே நாக்கு எழவில்லை.

இன்னும் ஒன்று மட்டும். சுய் ஜு என்ற பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. அவர் செய்ததும் தெரிகிறது. அதை எழுதிவைத்த அந்த நான்காவது ஆளின் பெயரை 'ஸுவோ ஜுவான்' சொல்லவில்லை. மூன்று அண்ணன்மார் செத்துக் கிடக்க, அவர் தூரிகையைக் கையில் எடுத்தபோது என்ன நினைத்திருப்பார்? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள்.